எக்டன் கிராமத்துல ஃபிராங்க்ளின் வீடு: 1758ல நடந்த ஒரு பூர்வீகத் தேடல்

பூர்வீக வீட்டைத் தேடணும்னு கெளம்பறவங்க முக்கால்வாசிப் பேரு முதல்ல அந்த ஊருக்குப் போய் வீட்டு வாசல்ல நின்னு ஃபோட்டோ எடுக்கணும்னுதான் நினைப்பாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆனா வீடுங்கறது கடைசில போய்ப் பாக்க வேண்டிய விஷயம்னு எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1758 ஜூலைல இங்கிலாந்துல செஞ்ச தேடல்தான். மின்னல், பட்டம், அமெரிக்க சுதந்திரம்னு அவரைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனா 52 வயசுல பையனையும் கூட்டிக்கிட்டு நார்தாம்ப்டன்ஷயர்ல எக்டன்ங்கற ஒரு சின்ன கிராமத்துக்குப் போய் தன் அப்பா பொறந்த வீட்டைத் தேடினது அவ்வளவா யாரும் பேசறதில்ல. அந்தப் பயணத்தைப் பத்தி அவரே ரெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்கார், ஒண்ணு 1758 செப்டம்பர்ல மனைவி டெபோராவுக்கு எழுதின லெட்டர், இன்னொண்ணு 1771ல எழுத ஆரம்பிச்ச சுயசரிதை. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா ஒரு குடும்பத்தை எப்படித் தேடறதுன்னு நல்லாவே புரியும்.

முதல்ல பின்னணி. ஃபிராங்க்ளின் 1757 ஜூலைல பென்சில்வேனியா சட்டசபையோட பிரதிநிதியா லண்டன் வந்தார், பென்சில்வேனியாவோட உரிமையாளர்களா இருந்த பென் குடும்பத்துக்கு அங்க இருந்த நிலத்துக்கெல்லாம் வரி போடறது சம்பந்தமான தகராறு. க்ரேவன் தெருவுல ஒரு வீட்டுல தங்கியிருந்தார், கூட பையன் வில்லியம் சட்டம் படிச்சிக்கிட்டிருந்தார். வேலை இழுத்துக்கிட்டே போச்சு, மறு வருஷம் கோடைல கேம்பிரிட்ஜ் வரைக்கும் போனவங்க அப்படியே நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் வண்டியத் திருப்பினாங்க.

கையில என்ன வெச்சிருந்தார்ங்கறதுதான் முக்கியம். வெறுங்கையோட போகல. அவரோட பெரியப்பா ஒருத்தர், அவர் பேரும் பெஞ்சமின்தான், லண்டன்ல பட்டுக்குச் சாயம் போடற தொழில் பண்ணிட்டு வயசான காலத்துல பாஸ்டனுக்கு வந்தவர். அவருக்கும் இதே ஆர்வம், 1717ல 'எக்டன் தாமஸ் ஃபிராங்க்ளின் குடும்பத்தைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு'ன்னு உக்காந்து எழுதி வெச்சிருந்தார். குடும்பம் அந்த ஒரே கிராமத்துல 300 வருஷமா இருந்துச்சு, அதுக்கு முன்னாடி எவ்வளவு காலம்னு தெரியல, சொந்த நிலம் ஒரு 30 ஏக்கர், கூடவே கொல்லுப்பட்டறை, மூத்த பையன் கட்டாயம் கொல்லு வேலை கத்துக்கணும்ங்கறது குடும்ப வழக்கம், இதெல்லாம் ஃபிராங்க்ளினுக்குப் பெரியப்பா குறிப்புல இருந்துதான் கிடைச்சுது. அப்பா ஜோசையாகிட்டயும் கேட்டிருக்கார் போல, ஏன்னா 1739ல அப்பா அவருக்கு எழுதின ஒரு லெட்டர்ல குடும்ப மூலம் பத்தி ஊர்ல சொல்ற ரெண்டு மூணு கதையைச் சொல்லிட்டு, நம்ம நிலைமைக்கு இதையெல்லாம் பெருசா ஆராய்ச்சி பண்ண வேண்டிய அவசியமே இருந்ததில்ல, மனசுக்குக் கொஞ்சம் கிச்சுகிச்சு மூட்டிக்கறதுக்குத் தவிரன்னு முடிச்சிட்டார். ஜோசையா பாஸ்டன்ல மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி 17 பிள்ளைங்களை வளத்த மனுஷன், அவருக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்.

ஆக ஊர் பேரு தெரியும், தொழில் தெரியும், நிலம் சுமாரா எவ்வளவுன்னு தெரியும். இவ்வளவு தெரிஞ்சும் அவர் நேரா எக்டனுக்குப் போகல, பக்கத்துல இருக்கற வெலிங்பரோங்கற டவுனுக்குத்தான் முதல்ல போனார். அங்க இன்னொரு பெரியப்பா தாமஸோட ஒரே பொண்ணு மேரி, ரிச்சர்ட் ஃபிஷர்ங்கறவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனதா ஒரு தகவல், அது நடந்தே ஒரு 50 வருஷம் ஆச்சு, பெஞ்சமின் பெரியப்பா இறந்ததுல இருந்து 30 வருஷமா கடிதப் போக்குவரத்தே இல்ல. ரெண்டு பேரும் உயிரோட இருப்பாங்கன்னு எதிர்பாக்கவே இல்ல, அவங்க பிள்ளைங்க யாராவது இருக்காங்களான்னுதான் விசாரிச்சிருக்கார். வீட்டைக் காட்டி விட்டாங்க, போய்ப் பாத்தா ரெண்டு பேருமே இருக்காங்க! வயசாகித் தளந்து போயிருக்காங்க, ஆனா இவங்களைப் பாத்ததுல அவ்வளவு சந்தோஷம். ஃபிஷர் ஆடு மாடு மேய்ச்சல், தோல் பதனிடறதுன்னு தொழில் பண்ணி நல்லா சம்பாதிச்சு, தொழிலை விட்டுட்டு நிம்மதியா இருந்தவர். ஒரே பொண்ணு, அதுவும் 30 வயசு வாக்குல கல்யாணம் ஆகாமலே போயிடுச்சு.

இந்த அம்மா ஃபிராங்க்ளினுக்கு அக்கா முறை. ஜோசையா முதல் சம்சாரத்தோடயும் மூணு பிள்ளைங்களோடயும் அமெரிக்காவுக்குக் கெளம்பினதைச் சின்ன வயசுல கண்ணால பாத்தவங்க. 1758ல அந்தக் காட்சியை ஞாபகம் வெச்சிருந்த ஆள் இங்கிலாந்துல வேற யாரு இருந்திருப்பாங்க? பெஞ்சமின் பெரியப்பா அவங்களுக்கு எழுதின பழைய லெட்டர்ஸ் சிலதை எடுத்துக் கொடுத்தாங்க, மிச்ச சொந்தக்காரங்க யார் யார் எங்க எங்க இருக்காங்கன்னு சொன்னாங்க, அதை வெச்சு ஃபிராங்க்ளின் லண்டன் திரும்பினப்புறம் ஒரே அத்தையோட பொண்ணைக் கண்டுபிடிச்சார், கல்யாணம் பண்ணிக்காம, வசதி இல்லாம, ஆனா சந்தோஷமா இருந்த ஒரு வயசான அம்மா. மேரி ஃபிஷர் அந்த 1758ஆம் வருஷத்தைத் தாண்டல. அடுத்த கோடைல போய்க்கலாம்னு தள்ளிப் போட்டிருந்தா அந்த லெட்டர்ஸும் போச்சு, முகவரிங்களும் போச்சு. வீடு கல்லுல கட்டினது, அது காத்துக்கிட்டு இருக்கும். 80ஐத் தாண்டின மனுஷங்க இருக்கமாட்டாங்க. நான் இந்தக் கேஸ்ல முதல்ல அழுத்திச் சொல்ல நினைக்கறது இதுதான், யார்கிட்ட பேசணுமோ அவங்ககிட்ட முதல்ல பேசுங்க, ரெக்கார்ட் ஆபீஸ் எங்கயும் ஓடிப் போயிடாது.

அப்புறம்தான் எக்டன். வெலிங்பரோவுல இருந்து நார்தாம்ப்டன் போற வழில, நீன் ஆத்துக்கு வடக்கால இருக்கற ஊரு. முதல்ல பழைய வீட்டையும் நிலத்தையும் போய்ப் பாத்தாங்க. டெபோராவுக்கு எழுதின லெட்டர்ல வீட்டைப் பத்தி வர்றது மொத்தமே ரெண்டு வரிதான்: இடிஞ்சு கிடக்கற பழைய கல் கட்டடம், உள்ள ஒரு பள்ளிக்கூடம் நடக்குது, ஆனா இன்னமும் ஊர்ல ஃபிராங்க்ளின் வீடுன்னுதான் சொல்றாங்க. நிலத்தை வேற ஒரு பண்ணையோட சேத்துட்டாங்க. எத்தனை ஜன்னல், பட்டறை எந்தப் பக்கம், அப்பா எந்த ரூம்ல பொறந்தார், ஒண்ணுமே எழுதல. முன்னாடி படிச்சப்போ எனக்கு இது ஏமாத்தமா இருந்துச்சு, இப்ப யோசிச்சா வீட்டுல இருந்து எடுக்க வேண்டிய ரெண்டு தகவலையும் அவர் எடுத்துட்டார்னு தோணுது. ஒண்ணு, கைமாறி இத்தனை வருஷம் ஆகியும் ஊர் ஜனங்க வாய்ல அந்தப் பேரு நிக்குதுன்னா குடும்பம் அங்க ஆழமா வேரூன்றி இருந்ததுன்னு அர்த்தம், இது பத்திரத்துல வராத சாட்சி. ரெண்டு, வீடு ஏன் கைவிட்டுப் போச்சுங்கற காரணம்.

அந்தக் காரணம் ரொம்ப சாதாரணம். மூத்த பெரியப்பா தாமஸ்தான் அந்த வீட்டுல இருந்தவர், அவருக்கு ஒரே பொண்ணு மேரி, அப்பா காலத்துக்கப்புறம் வீடும் நிலமும் மேரிக்கு வந்துச்சு, அவங்க இருக்கறது வெலிங்பரோவுல, அதனால வாடகைக்கு விட்டாங்க, வாடகை ஒழுங்கா வரல, வித்துட்டாங்க. வாங்கினது ஐஸ்டெட்னு அந்த ஊர் ஜமீன் மாதிரி இருந்த குடும்பம். சண்டை இல்ல, ஏமாத்து இல்ல, கடன்ல முழுகல, வாரிசு வேற ஊர்ல செட்டில் ஆயிட்டாங்க, அவ்வளவுதான். பூர்வீக வீடு போனதுக்குப் பின்னாடி ஏதோ துரோகம் இருக்கும்னு எதிர்பாத்துத் தேடறவங்களுக்கு இந்தக் கதை சப்புன்னு இருக்கும், ஆனா நான் பாத்த வரைக்கும் நிறைய வீடு இப்படித்தான் போயிருக்கு. இதுல ஐஸ்டெட் குடும்பம் தங்களோட எக்டன் ஹாலை அந்த 1750கள்லதான் கோதிக் பாணில புதுசா மாத்திக் கட்டியிருந்தாங்க, ஒரே ஊர்ல வாங்கினவங்க மாளிகை பளபளன்னும் வித்தவங்க வீடு இடிஞ்சும் இருந்ததை ஃபிராங்க்ளின் பாத்திருப்பார், ஆனா லெட்டர்ல அதைப் பத்தி ஒரு மனக்குறையும் இல்ல.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம் சொல்லியாகணும், இங்கிலாந்துல வீடு தேடறவங்க பலரும் இதுலதான் மாட்டிக்கறாங்க. ஃபிராங்க்ளின் குடும்ப நிலம் ஃப்ரீஹோல்ட், முழுச் சொந்தம். அந்தக் காலத்துல நிறைய கிராமத்து ஜனங்க வெச்சிருந்தது காப்பிஹோல்ட், அதாவது நிலம் ஜமீனைச் சேந்தது, அப்பா இறந்து பையன் பேருக்கு மாத்தணும்னாலோ விக்கணும்னாலோ ஜமீன் நீதிமன்றத்துல போய்ப் பதியணும், அந்தப் பதிவுச் சுருள்ல ஒரு நகல் இவங்க கைக்கு வரும். காப்பிஹோல்டா இருந்தா நமக்கு வசதி, அந்தச் சுருள் மிஞ்சியிருந்தா தலைமுறை தலைமுறையா பேரு வரிசையா கிடைக்கும். ஃப்ரீஹோல்ட்ல அது கிடையாது, விக்கறவரும் வாங்கறவரும் எழுதிக்கற பத்திரம்தான், அது வாங்கினவங்க பெட்டிக்குள்ள போயிடும். அதனால விந்தையா இருந்தாலும் உண்மை இது, சொந்தமா நிலம் வெச்சிருந்தவன் வீட்டைக் கண்டுபிடிக்கறதுதான் சில சமயம் கஷ்டம், வித்தவங்க பேரை விட்டுட்டு வாங்கினவங்க குடும்பக் காகிதங்களைத் தேடணும்.

வீட்டுல இருந்து சர்ச்சுக்குப் போனாங்க. பக்கத்துலயே பாதிரியார் வீடு, நல்லா உபசரிச்சு பழைய ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்துல ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதி வெக்கணும்னு 1538ல எட்டாம் ஹென்றி காலத்துல தாமஸ் க்ராம்வெல் உத்தரவு போட்டார், ஆனா ஆரம்ப கால ஏடுங்க பல ஊர்ல இல்ல, 1598ல எலிசபெத் ராணி காலத்துல இனிமே தோல் தாள்லதான் எழுதணும், பழசையும் அதுல நகல் எடுக்கணும்னு சொன்னப்புறம்தான் நிறைய ஊர்ல உருப்படியா ஆரம்பிக்குது. எக்டன் ரெஜிஸ்டர் 1555ல தொடங்குச்சு, அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல பதிவே இல்லன்னு ஃபிராங்க்ளின் எழுதறார். ரெஜிஸ்டர் தொடங்கற எடத்துலயே குடும்பமும் இருக்கு, அதுவும் ஃபிராங்க்ளின்னு இப்ப நாம எழுதற ஸ்பெல்லிங்ல இல்ல, கொஞ்சம் வேற மாதிரி எழுதியிருக்கு. ஒரே ஸ்பெல்லிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தேடினா ஆள் கிடைக்கவே மாட்டாங்க, எழுதினது குடும்பம் இல்ல, காதுல விழுந்ததை எழுதின பாதிரியார்.

பாதிரியார் அப்புறமா ரெஜிஸ்டர்ல இருந்து குறிப்பெடுத்து லண்டனுக்கு அனுப்பியும் வெச்சார், அதை வெச்சு ஃபிராங்க்ளின் வம்சாவளி போட்டார். அப்பத்தான் தெரிஞ்சுது, அஞ்சு தலைமுறையா கடைசிப் பையனோட கடைசிப் பையன்ங்கற வரிசையிலதான் தான் வந்திருக்கோம்னு. ஜூலை 31 அன்னிக்கு மேரி அக்காவுக்கு எழுதின லெட்டர்ல இதைச் சொல்லிட்டு, குடும்பத்துல முதல்ல ஏதாவது பெரிய சொத்து இருந்திருந்தா அது கிடைக்கறதுக்கு என்னைவிட மோசமான வாய்ப்பு யாருக்கும் இருந்திருக்க முடியாதுன்னு எழுதறார். நம்ம ஏழை நேர்மையான குடும்பம்னு ஒரு வார்த்தையும் அதுல வருது. லண்டன்ல பெரிய மனுஷங்களோட பழகிட்டு இருந்த ஒருத்தர் பிரபு வம்சம்னு எதையும் சொல்லிக்காம கொல்லன் குடும்பம்னு கண்டதை அப்படியே ஏத்துக்கிட்டு எழுதினது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வம்சாவளி தேடற நிறைய பேரு தேடல்ல சறுக்கறது இந்த இடத்துலதான், ஒரு ராஜாவைக் கண்டுபிடிச்சே ஆகணும்னு.

ரெஜிஸ்டர் 1555ல தொடங்குதுன்னா அது மேரி ராணி ஆட்சி, 1553ல இருந்து 1558 வரைக்கும், ப்ராட்டஸ்டன்ட் மதத்துக்காரங்களை எரிச்சுக்கிட்டிருந்த காலம். பெஞ்சமின் பெரியப்பா சொன்ன அந்தக் காலத்துக் கதை ஒண்ணு இருக்கு. வீட்டுல ஒரு இங்கிலீஷ் பைபிள், அதைத் திறந்தபடியே ஒரு மர ஸ்டூலோட பலகைக்கு அடியில நாடா போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்களாம். படிக்கணும்னா கொள்ளுத்தாத்தாவோட அப்பா ஸ்டூலைத் தலைகீழா மடியில வெச்சுக்கிட்டு, நாடாவுக்கு அடியிலயே பக்கத்தைப் புரட்டிப் படிப்பார், பிள்ளைங்கள்ல ஒண்ணு வாசல்ல காவல் நிக்கும், சர்ச் கோர்ட்டு சேவகன் வர்றான்னு தெரிஞ்சா உள்ள வந்து சொல்லும், உடனே ஸ்டூலைத் திருப்பிப் போட்டுடுவாங்க, பைபிள் அடியில மறஞ்சிடும். ஒரு பக்கம் சர்ச் ஏட்டுல அதே குடும்பத்தோட பேரு ஏறுது, இன்னொரு பக்கம் அதே சர்ச்சோட ஆளுக்குப் பயந்து ஸ்டூலுக்கு அடியில புஸ்தகம் ஒளியுது. ரெஜிஸ்டரை மட்டும் படிச்சா ஃபிராங்க்ளின் குடும்பம் அடக்க ஒடுக்கமா ஞானஸ்நானம் வாங்கின குடும்பம்னு மட்டும்தான் தெரியும். வாய்வழிக் கதைக்கு ஆதாரம் என்னன்னு கேக்கறவங்க இதையும் யோசிக்கணும், இப்படி ஒரு விஷயத்தை எந்தக் காகிதம் பதிஞ்சு வெக்கும்?

அடுத்தது கல்லறைங்க. பாதிரியார் சம்சாரம், கலகலன்னு பேசற வயசான அம்மா, அவங்களைச் சர்ச் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஃபிராங்க்ளின் குடும்பத்துக் கல்லுங்களைக் காட்டினாங்க. பாசி மூடி ஒரு எழுத்தும் தெரியல. கெட்டியான ஒரு பிரஷும் ஒரு பாத்திரம் தண்ணியும் கொண்டு வரச் சொன்னாங்க, கூட வந்திருந்த பீட்டர்ங்கறவர் தேச்சுக் கழுவினார், எழுத்து தெரிஞ்சுது, வில்லியம் ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டார். இன்னிக்கு அந்த மாதிரி கல்லைத் தேய்க்கவே கூடாதுன்னுதான் சொல்வாங்க, கல் உரிஞ்சிடும், சாய்வா வெளிச்சம் அடிச்சு ஃபோட்டோ எடுத்தா போதும். ஆனா அன்னிக்கு வில்லியம் எழுதிக்கிட்டதாலதான் ஆதாரம் கல்லுல மட்டும் இல்லாம காகிதத்துலயும் ஏறுச்சு.

இந்த இடத்தை நான் அவ்வளவு சீக்கிரம் கடந்து போக முடியல. பீட்டர்ங்கறவர், ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவுல இருந்து கூட்டிக்கிட்டு வந்த அடிமை. லெட்டர்ஸ்ல அவருக்குக் குடும்பப் பேரே கிடையாது, பீட்டர் மட்டும்தான். இன்னொருத்தரோட 200 வருஷத்துப் பாட்டன் பூட்டன் பேரை மண்டி போட்டுத் தேச்சுத் தெரிய வெச்சவருக்கு, தன் தாத்தா பேரைத் தேட எந்த ஊர்ல எந்த ரெஜிஸ்டர் இருந்துச்சு? ஃபிராங்க்ளின் 1787ல அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர் ஆனார், 1790ல அமெரிக்கக் காங்கிரஸுக்கு மனுவும் கொடுத்தார், ஆனா அது 30 வருஷம் கழிச்சு. அந்த லெட்டர்ல பீட்டர் ஒரே ஒரு வாக்கியத்துல வந்துட்டுப் போயிடறார். பக்கத்துல உக்காந்து எழுதின வில்லியமும் கல்யாணத்துக்கு வெளிய பொறந்தவர், பெத்த அம்மா யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வரலாத்துக்காரங்களுக்குத் தெரியாது. வம்சாவளிக் காகிதம் யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லங்கறது அந்தத் தோட்டத்துல அந்த ஒரு மத்தியானத்துலயே முழுசா இருந்திருக்கு.

பாதிரியார் சம்சாரம் சொன்ன கதைங்கதான் இந்தக் கேஸ்ல எனக்குப் பொக்கிஷம். பெரியப்பா தாமஸ் கொல்லு வேலை கத்துக்கிட்டவர்தான், ஆனா மூளைக்காரர், ஊர்ப் பெரிய மனுஷர் பாமர் ஊக்கம் கொடுத்ததுல பத்திரம் எழுதறது படிச்சு, பாதி வக்கீல் மாதிரி ஆகி, கவுன்டி கோர்ட்டுல க்ளார்க், ஆர்ச்டீக்கன், அதாவது பல ஊர் சர்ச்சுங்களை மேற்பார்வை பாக்கற மூத்த பாதிரியார், சுத்துப் பயணம் போறப்போ அவருக்கும் க்ளார்க். ஊர் சர்ச் கோபுரத்துல இசை மணி வெக்க வசூல் பண்ணி முடிச்சவர் அவர்தான். ஆத்து வெள்ளம் வந்து ஊர்ப் புல்வெளி முழுகிடும், அதைத் தடுக்க ஒரு சுலபமான வழி சொன்னார், எப்படி நடக்கும்னு ஒருத்தருக்கும் புரியல, ஆனா தாமஸ் ஃபிராங்க்ளின் முடியும்னு சொன்னா முடியும்னு விட்டுட்டாங்க, நடந்துச்சு. எல்லா விஷயத்துக்கும் எல்லாரும் அவர்கிட்டத்தான் யோசனை கேட்டு வருவாங்களாம், சில பேரு அவரை மந்திரவாதின்னே நெனச்சிருக்காங்க.

கேக்க நல்லா இருக்கு, நம்பலாமா? முதல்ல அந்த அம்மா யாருன்னு பாக்கணும். அவங்க பழைய ஆர்ச்டீக்கன் பாமரோட பேத்தி, அவர் அதே ஊர்ல பாதிரியாரா இருந்தவர். அதாவது தாமஸ் வேலை பாத்த வட்டாரத்துலயே வளந்த குடும்பம், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டுச் சொல்ற ஆள் இல்ல. அடுத்தது, சொன்னதுக்கு ஊர்ல தடயம் இருக்கா? மணி அடிச்சுது, நாங்க காதால கேட்டோம்ங்கறார் ஃபிராங்க்ளின். வெள்ளம் தடுக்கற ஏற்பாடு இன்னும் புழக்கத்துல இருக்குங்கறார். மந்திரவாதிங்கறதுக்குத் தடயம் இல்ல, அதை அவங்க சொன்னாங்கன்னு மட்டும் எழுதறார். இந்தப் பிரிச்சு எழுதற பழக்கம் இன்னிக்கு வம்சாவளி ஆப்ல மரம் போடறவங்க நிறைய பேருகிட்ட இல்ல.

தாமஸ் பெரியப்பா இறந்தது 1702 ஜனவரி 6, தான் பொறக்கறதுக்குச் சரியா நாலு வருஷம் முன்னாடி அதே தேதியிலன்னு சுயசரிதைல எழுதறார். கதையெல்லாம் கேட்ட வில்லியமுக்கு அப்பாவைப் பத்திக் கேக்கற மாதிரியே இருந்திருக்கு, அவர் இறந்த அன்னிக்கே நீங்க பொறந்திருந்தா கூடு விட்டுக் கூடு பாஞ்சுட்டார்னே நெனச்சிருப்பாங்கன்னு சொல்லியிருக்கார். இதுல கவனிக்க வேண்டியது, இறந்த தேதியைச் சொல்றப்போ பழைய காலண்டர்னு ஃபிராங்க்ளின் குறிச்சு வெச்சிருக்கார். இங்கிலாந்து 1752ல காலண்டரை மாத்தினப்போ 11 நாளை விட்டுட்டாங்க, அதுவரைக்கும் வருஷப் பொறப்பே மார்ச் 25தான். அதனால ஃபிராங்க்ளின் பொறந்தது பழைய கணக்குல 1705 ஜனவரி 6 (வருஷத்தை ஜனவரில இருந்து எண்ணினா 1706), இப்ப நாம சொல்றது 1706 ஜனவரி 17. பழைய ரெஜிஸ்டர்ல ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னு வந்தா வருஷத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாது, இல்லன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே குழந்தை பொறந்த மாதிரியும், செத்தவர் அப்புறம் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரியும் கணக்கு வரும்.

தேதியில ஒரு முரண்பாடும் இருக்கு. ஜோசையா அமெரிக்கா போனது 1685 வாக்குலன்னு டெபோராவுக்கு எழுதறார், 1682 வாக்குலன்னு சுயசரிதைல எழுதறார், இப்ப ஆராய்ச்சியாளர்கள் வெக்கறது 1683. கண்ணால பாத்த அக்கா, குடும்பக் குறிப்பு, அப்பா சொன்னதுன்னு இத்தனையும் கையில இருந்தும் சொந்த அப்பா கெளம்பின வருஷம் மூணு வருஷம் முன்ன பின்ன ஆடுது. போனது ஏன்ங்கறதுல சந்தேகம் இல்ல. அரசாங்கச் சர்ச்சை ஏத்துக்காம வெளியேத்தப்பட்ட போதகர்கள் நார்தாம்ப்டன்ஷயர்ல தனியா கூட்டம் நடத்தினாங்க, பெஞ்சமினும் ஜோசையாவும் அவங்க பக்கம் போனாங்க, அந்தக் கூட்டமெல்லாம் சட்டப்படி தடை, தொல்லை அதிகம், கடைசில கடல் தாண்டிட்டாங்க. குடும்பத்துல மத்தவங்க பழைய சர்ச்சுலயே இருந்துட்டாங்க. உங்க ஆளு திடீர்னு ஊர் ரெஜிஸ்டர்ல இருந்து காணாமப் போனா இறந்துட்டார்னு முடிவு கட்டாதீங்க, வேற சபைக்குப் போயிருக்கலாம், 17ஆம் நூற்றாண்டுல இது ரொம்ப சகஜம்.

அப்ப ஜோசையாவோட போன குழந்தைங்கள்ல மூத்தவங்க எலிசபெத், பாஸ்டன்ல கடைசிக் காலத்துல இருந்தாங்க. எக்டன் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1757ல, அந்த அக்காவைப் பழைய வீட்டுல இருந்து காலி பண்ண வெச்சு வித்துடலாம்னு சொந்தக்காரங்க பேசினப்போ ஃபிராங்க்ளின் தங்கச்சிக்கு ஒரு லெட்டர் எழுதினார். வயசானவங்க ரொம்ப நாள் ஒரு வீட்டுல இருந்துட்டா ஆமைக்கு ஓடு மாதிரி அது அவங்களோட ஒட்டிக்கும், பிச்சு எடுத்தா செத்துடுவாங்க, வயசான ஆளையும் வயசான மரத்தையும் இடம் மாத்தக் கூடாது, அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு. இடிஞ்ச கல் கட்டடத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதின அதே மனுஷன், ஆள் வாழற வீட்டைப் பத்தி இவ்வளவு எழுதறார். தாத்தா தாமஸும் 1598ல எக்டன்ல பொறந்து அங்கயே பட்டறை நடத்திட்டு, முடியாத வயசுல பான்பரில சாயத்தொழில் பண்ண பையன் ஜான் வீட்டுக்குப் போய் அங்கயே இறந்தார், அந்தக் கல்லையும் அந்த 1758லயே பாத்துட்டு வந்தாங்க. ஆக பூர்வீக ஊர்ல தாத்தா கல்லறையே இல்ல, ஒரு ஊர் மட்டும் தேடினா இதெல்லாம் விட்டுப் போயிருக்கும்.

தேடறதை நிறுத்தினப்புறமும் சில விஷயம் தானா வந்து சேரும். 1771ல லண்டன்ல ஒரு பழைய புஸ்தக வியாபாரி ஃபிராங்க்ளின்கிட்ட ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத் தொகுப்பைக் கொண்டு வந்தார், பாத்தா பெஞ்சமின் பெரியப்பா பல வருஷமா சேத்து ஓரத்துல குறிப்பெல்லாம் எழுதி, அமெரிக்கா போறப்போ இங்கயே விட்டுட்டுப் போனது, 50 வருஷத்துக்கப்புறம் தம்பி பையன் கையில வந்து விழுது. ஃபிராங்க்ளின் காலத்துக்கப்புறம் 1853ல, தாமஸ் கார்லைல்ங்கற எழுத்தாளர் கைக்கு எக்டன் ஊரோட பழைய தசமபாகக் கணக்கு நோட்டு ஒண்ணு கிடைச்சுது, விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு சர்ச்சுக்குக் கொடுக்கற கணக்கு, அதுல கொல்லன் ஃபிராங்க்ளின்கள் பேரும் வருது. அதை அமெரிக்காவுல எட்வர்ட் எவரெட்ங்கற அரசியல்வாதிக்கு அனுப்பி வெச்சார். யார் எவ்வளவு நிலம் வெச்சிருந்தாங்க, எத்தனை ஆடுங்கற மாதிரி விவரமெல்லாம் இந்த மாதிரி நோட்டுலதான் இருக்கும், ரெஜிஸ்டர் சொல்லாத அன்றாட வாழ்க்கை.

அதே நார்தாம்ப்டன்ஷயர்ல சல்கிரேவ்னு இன்னொரு ஊர், ஜார்ஜ் வாஷிங்டனோட முன்னோர் வீடு. லண்டன்ல இருந்து வம்சாவளி அதிகாரி ஒருத்தர் வாஷிங்டன்கிட்ட குடும்ப விவரம் கேட்டப்போ, இந்த விஷயத்துல நான் ரொம்பக் கொஞ்சம்தான் கவனம் செலுத்தியிருக்கேன்னு 1792ல பதில் எழுதினார். ஆனா சல்கிரேவ் வீட்டை 1914ல காசு சேத்து வாங்கி, 1921ல திறந்து, இன்னிக்கும் மியூசியமா காப்பாத்தறாங்க. தேடித் தேடிப் போன ஃபிராங்க்ளினோட வீட்டுக்கு அப்படி ஒரு மியூசியம் கிடையாது. எக்டன்ல த்ரீ ஹார்ஸ்ஷூஸ்னு ஒரு பப் இருக்கு, குடும்பப் பட்டறை இருந்த இடம்னு ஊர்ல சொல்றது அதைத்தான், மத்தபடி சர்ச் தோட்டத்துல தாமஸ் பெரியப்பாவோடதும் அவர் சம்சாரத்தோடதுமா கல்லு நிக்குது. எக்டனுக்கு ஒரு வீடு இல்லையேன்னு எனக்கு மனசுல ஒரு குறை உண்டு, மறைக்கல.

அந்த வீடு நின்ன இடத்தைத் துல்லியமா நிறுவணும்னு இனிமே யாராவது கெளம்பினா, தேட வேண்டியது ஃபிஷர் தம்பதி ஐஸ்டெட் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம். ஐஸ்டெட் சொத்து பின்னாடி சதபி குடும்பத்துக்குப் போச்சு, அவங்க எக்டன் காகிதங்க நார்தாம்ப்டன்ல வூட்டன் ஹால் பார்க்ல இருக்கற நார்தாம்ப்டன்ஷயர் ஆவணக் காப்பகத்துல இருக்கு, ஊர் ரெஜிஸ்டருக்கும் அங்கதான் போகணும். பெஞ்சமின் பெரியப்பாவோட 1717 குறிப்பு யேல் பல்கலைக்கழகத்துல இருக்கு. முதல்ல பெரியப்பா குறிப்பைப் படிங்க, அப்புறம் பத்திரத்துல எல்லை எழுதியிருக்கற இடத்தைப் பாருங்க, கிழக்கே யார் நிலம் மேற்கே யார் நிலம்னு அண்டை வீட்டுப் பேருங்க வந்துச்சுன்னா, அந்தப் பேருங்களை வெச்சு வீடு எங்க நின்னுச்சுன்னு நெருங்கிப் போகலாம்.